ஒரு கொடுவா விழட்டும்

எனக்குத் தூண்டில் பிடிக்கத் தெரியாது. மண்புழுவைத் தொட்டாலே உடம்பு கூசும். ஆனால் ஐப்பசியில் எங்கள் பக்கத்து ஆற்றில் எந்தத் தண்ணீருக்கு மீன் கடிக்கும், எதற்குக் கடிக்காது, வாடைக்காற்று திரும்பினால் முகத்துவாரம் என்ன ஆகும், அமாவாசை கழிந்து எத்தனையாம் நாள் கடல்நீர் எத்தனை மணிக்கு உள்ளே ஏறும் என்று கேட்டுப் பாருங்கள். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதல்ல, தலையெழுத்து. முப்பது நாள் லீவில் வந்த என் கணவரிடம் ஒரு விஷயம் பேச வேண்டியிருந்தது. ஒரு நல்ல மீன் விழட்டும், அப்புறம் பேசலாம் என்று அவர் சொன்னார். அதனால் கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் மயிலாடுதுறைக்கும் தரங்கம்பாடிக்கும் இடையில், ஆற்றங்கரையில் இருக்கிறது. அப்பா குத்தகைக்கு உழுதவர். நான் எங்கள் லுத்தரன் சபை நடத்திய பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். என் கணவர் மஸ்கட்டில் ஏ.சி. மெக்கானிக். நான் சொல்வது தொண்ணூறுகளின் பிற்பாதி. தெருவுக்குள் கேபிள் வயர் வந்துவிட்டது, முக்குக்கு முக்கு எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது, ஆண்கள்தான் ஒவ்வொருவராகக் காணாமல் போய்க்கொண்டிருந்தார்கள். மஸ்கட், துபாய், சிங்கப்பூர், எதுவும் வாய்க்காதவர்களுக்குத் திருப்பூர். சபையில் ஆராதனைக்குப் போனால் ஆண்கள் பக்கத்துப் பெஞ்சுகளில் தாத்தாக்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். அதில் நாங்கள் ஒரே வீட்டில் இருந்தது நான்கு லீவு. குழந்தை இல்லை. எனக்கு முப்பத்துநான்கு வயது ஆகியிருந்தது. அவர் வருவதற்கு மூன்று மாதம் முன்பு மயிலாடுதுறையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "உங்களுக்குப் பெரிசா ஒண்ணும் குறை இல்லைம்மா. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை முப்பது நாள் வந்துட்டுப் போனா எப்படி? அவரை வரச் சொல்லுங்க. ஒரு வருஷமாவது கூட இருந்து வைத்தியம் பாருங்க. வயசு நிக்காது பாருங்க" என்றார்.

என் கணவருடைய காண்ட்ராக்ட் அந்த வருஷத்தோடு முடிவதாகக் கடிதத்தில் எழுதியிருந்தார். லீவு முடிந்து திரும்பிப் போனதும் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடலாம். இதில்தான் என் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. புதுப்பிக்காதீங்க, வந்துடுங்க என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். போனில் சொல்லக்கூடிய விஷயமா? எஸ்.டி.டி. பூத்தில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நான்கு பேர் நின்றுகொண்டு உள்ளே இருப்பவர் வாயையே பார்ப்பார்கள்.

புரட்டாசி கடைசி வாரத்தில் வந்து இறங்கினார். பெட்டியில் பால் பவுடர், சென்ட்டு, எனக்கொரு கைக்கடிகாரம். கூடவே துண்டில் சுற்றிய நீளமான ஒரு குழாய். அதுதான் தூண்டில். கறுப்பு ராடு, ஒன்றுக்குள் ஒன்றாக உள்ளே இறங்கிக்கொள்ளும், கைப்பிடிக்கு மேலே நரம்பு சுற்றுகிற சக்கரம். விமான நிலையத்தில் சுங்க அதிகாரி டிவி ஆண்டெனாவா என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். சின்ன வயதில் மூங்கில் குச்சியில் கெண்டை பிடித்த மனிதர். அங்கே பாலைவனத்தில் ஏ.சி. பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு எட்டு வருஷம் இந்த ஆற்றையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். பாவமாகத்தான் இருந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

மறுநாள் மத்தியானம், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தவரிடம் பேச்சை எடுத்தேன். "டாக்டரம்மாவைப் பார்த்தேங்க. உங்ககிட்ட உக்காந்து பேசணும். காண்ட்ராக்ட் விஷயமும் இருக்கு" என்றேன்.

அவர் துண்டால் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். "பேசுவோம், பேசுவோம். வந்ததும் வராததுமா என்ன அவசரம்? ரெகுலேட்டர்கிட்ட ஒரு நல்ல கொடுவா விழட்டும். நீ குழம்பு வை. சாப்பிட்டுட்டு நிதானமா உக்காந்து பேசுவோம்" என்றார்.

இங்கேதான் நான் ஒரு தப்பு செய்தேன். டெல்டாவில் பிறந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. எங்கள் பக்கத்தில் எந்தப் பேச்சும் தண்ணீரைக் கேட்டுக்கொண்டுதான் நடக்கும். பெண் பார்க்க வரவா என்றால் ஆற்றில் தண்ணி வரட்டும் என்பார்கள். வீட்டுக்கு ஓடு மாற்றுவதற்கு நடவு முடியட்டும், பாகப்பிரிவினைக்கு அறுப்பு ஆகட்டும். என் கல்யாணப் பேச்சே மேட்டூர் திறக்கத் தாமதமான ஒரு வருஷத்தில் மூன்று மாதம் தள்ளிப் போனது. யாரும் அதைத் தட்டிக்கழிப்பதாக நினைத்ததில்லை. அதனால் ஒரு மீன் விழட்டும் என்று அவர் சொன்னது என் காதுக்கு இயல்பாக இருந்தது. வேறு ஊர்க்காரியாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். நான் சரிங்க என்று சொல்லிவிட்டுப் புளியை ஊறப்போடத் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

ரெகுலேட்டர் என்பது எங்கள் ஊருக்குக் கிழக்கே, ஆறு கடலில் சேர்வதற்கு முன்னால் கட்டியிருக்கிற கடைசி மதகு. வரிசையாக இரும்பு ஷட்டர்கள். மேற்கே நல்ல தண்ணீர், கிழக்கே உப்புத் தண்ணீர். ஷட்டர் மூடியிருக்கும்போது இடுக்கு வழியாகக் கசிகிற நல்ல தண்ணீரைத் தேடிக் கீழே சின்ன மீன்கள் கூடும், அவற்றைத் தின்னக் கடலிலிருந்து கொடுவா ஏறி வரும். உப்பிலும் நல்ல தண்ணீரிலும் வாழ்கிற மீன். தூண்டில்காரர்களுக்கு அதைப் பிடிப்பதுதான் பெருமை. ஷட்டர்களை ஏற்றி இறக்குவதற்குப் பொதுப்பணித்துறையில் ஓர் ஆள் உண்டு, அவரை லஸ்கர் என்போம். அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள்.

புரட்டாசி அவருக்கு வசதியான மாதம். ஊரில் பாதிப் பேர் மீன் கவுச்சி தொட மாட்டார்கள், கரையில் போட்டி இல்லை. தெருவில் மீன் வாசனை வருகிற வீடு எங்கள் பக்கத்து நாலைந்து வீடுகள்தான். ஆனால் அந்த வாரம் முறைப்பாசனத்தில் எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் விடுகிற முறை. கரை தொட்டுச் செக்கச்செவேலென்று ஓடியது. காலையில் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு போவார், மத்தியானம் வெறுங்கையோடு வருவார்.

"ஒரே கலங்கல். இரை இருக்கிறது மீனுக்குக் கண்ணு தெரியாது. ஈயக்குண்டு போட்டாலும் நரம்பு அடிச்சுக்கிட்டுப் போகுது" என்பார்.

சரி, முறை முடியட்டும் என்று இருந்தேன். முறை முடிந்து மேலே மூடினார்கள், ஓட்டம் தணிந்தது. உடனே மேற்கிலிருந்து ஆகாயத்தாமரை கூட்டமாக வந்து ஷட்டருக்கு முன்னால் அடைத்துக்கொண்டது. முள்ளைப் போட்டால் செடிதான் மாட்டுகிறது என்றார். அதை ஆள் வைத்து வாரித் தள்ளி முடிப்பதற்குள் நான்கு நாள். பிறகு ஒருநாள் இறால் பண்ணைக்காரர்கள் குட்டையைத் திறந்துவிட்டார்களாம், கறுப்புத் தண்ணீர் வந்து மீனெல்லாம் கடலுக்கே திரும்பிவிட்டதாம். கடற்கரை ஓரமாக அந்த நாலைந்து வருஷத்தில் வயலை வெட்டி வெட்டி இறால் பண்ணை போட்டிருந்தார்கள். அவர்களைத் திட்டுவதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் காரணம் தேவையில்லை, நானும் வாயாரத் திட்டினேன்.

இப்படியே பன்னிரண்டு நாள் போய்விட்டது. எனக்குப் பொறுமை போகத் தொடங்கியது. அவர் மேல் அல்ல, தண்ணீர் மேல். இதை நினைத்தால் இன்றைக்கும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறைக்கு வருகிற செய்தித்தாளில் முதலில் மேட்டூர் நீர்மட்டம் பார்ப்பேன், பிறகு வானிலை. எங்கள் தலைமையாசிரியை, "என்ன டீச்சர், எத்தனை மா வயல் நட்டிருக்கீங்க?" என்று கிண்டல் செய்தார். காலண்டரில் அமாவாசை, பௌர்ணமியைச் சுற்றி வட்டம் போட்டேன். மீன் விற்க வருகிற அம்மாவிடம் கடல் ஏற்றம் எப்போது, வற்றம் எப்போது என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "வாங்குறதை விட்டுட்டு நீங்களே வலை போடப் போறீங்களாம்மா?" என்றாள். மீன் அவளிடமே வாங்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஒருநாள் கொடுவா வாங்கிக் குழம்பு வைத்தேன். மூக்கு முட்டச் சாப்பிட்டார். "நல்லா இருக்கு. ஆனா இது நம்ம பிடிச்சதில்லையே" என்றபடி எழுந்து போய்விட்டார்.

பிறகு மழை பிடித்தது. வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், நாகப்பட்டினத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிவிட்டார்கள். மூன்று நாள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ரெகுலேட்டரில் எல்லா ஷட்டரையும் தூக்கி வெள்ளத்தைக் கடலுக்கு விட்டார்கள். கோடையெல்லாம் மணல் அடைத்துக் கிடந்த முகத்துவாரம் உடைத்துக்கொண்டது. ஊருக்குள் வேறு கூத்து. புதுத் தண்ணீரில் கெண்டையும் குரவையும் கெளுத்தியும் எதிரேறி வயலுக்குள் வந்துவிட்டன. வாய்க்கால் மடையில் கூடையை வைத்துக்கொண்டு ஊரே மீன் வாரியது. எதிர்வீட்டு அக்கா சேலையைச் சொருகிக்கொண்டு அரைமணி நேரத்தில் ஒரு குண்டான் நிறைய அள்ளிக்கொண்டு வந்து, "உங்க வீட்டுக்காரர் ராடுல என்ன விழுந்துச்சு?" என்று கேட்டார். வயிறு எரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர் சம்பா நடவுக்காக நல்ல மழை தாரும் என்று ஜெபித்தார். சபையே ஆமென் சொன்னது. நான் வாயை மூடிக்கொண்டு, கர்த்தரே, ரெண்டு நாள் மழை விட்டு வெறிப்புக் குடும் என்று வேண்டினேன். என் அப்பா அதே மழையை நம்பி நட்டுவிட்டுக் காத்திருந்தார். அவர் வயிற்றில் மண் அள்ளிப் போடுகிற மாதிரி ஒரு ஜெபத்தை, அவருக்கு இரண்டு பெஞ்சு பின்னால் உட்கார்ந்து செய்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், திங்களன்று வெறித்தது. அவர் உற்சாகமாகப் போனார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். வாடை நேராக அடிக்கிறதாம், தக்கை ஓரிடத்தில் நிற்கவில்லையாம். அன்று சாயங்காலம் மறுபடி கேட்டுப் பார்த்தேன். "மீன் விழுறது விழட்டுங்க. இன்னும் பத்து நாள்கூட இல்லை. பேசிடலாமே?"

"நான் எங்க ஓடிப் போறேன்? தண்ணி தெளியட்டும். கண்டிப்பா விழும்" என்று அவர் என் தோளைத் தட்டினார். சிரித்துக்கொண்டே தட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது.

லீவின் இருபத்துநான்காம் நாள். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் தூறல். பிள்ளைகளைக் கூட்டிப் போகப் பெற்றோர் குடையோடு நின்றிருந்தார்கள். லஸ்கரும் சைக்கிளோடு வந்திருந்தார். மகளைப் பின்னால் ஏற்றி உட்கார வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

"டீச்சர், சாருக்கு ரொம்ப தேங்க்ஸ் சொல்லுங்க. நேத்து குடுத்தாரே, ரெண்டு கிலோ இருக்கும். வீட்டுல எல்லாரும் ரெண்டு வேளை சாப்பிட்டோம்."

"எதைக் கொடுத்தார்?"

"கொடுவாதாங்க. என்னா ராடுங்க அது! சாரு கையில அப்படியே வந்து விழுது. வந்த மூணாம் நாளே ஒண்ணு பிடிச்சாரு. இந்த மாசத்துல ஏழெட்டு இருக்கும். எனக்கு நாலு குடுத்துட்டாரு, மத்ததை முகத்துவாரத்துல வலைக்காரங்ககிட்ட குடுத்தாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குடையை மடக்கவா பிடிக்கவா என்றுகூடத் தெரியாமல் நின்றேன். "வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலையான்னு நீங்க கேக்கலையா?" என்றேன்.

"கேட்டேங்க. டீச்சருக்கு லெந்துக் காலம், வீட்டுல மீனு சேர்க்க மாட்டாங்கன்னு சொன்னாரு. எங்களுக்குப் புரட்டாசி மாதிரி உங்களுக்கு இதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

ஐப்பசியில் லெந்து! எங்கள் சபையில் முழங்கால் உயரப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், லெந்து நாட்கள் மாசி பங்குனியில் வருகிறவை. ஈஸ்டருக்கு முன்னால் வருவதை இவர் தீபாவளிக்கு முன்னால் கொண்டுவந்து வைத்திருக்கிறார். லஸ்கருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை, அதனால்தான் அவரிடம் சொல்லியிருக்கிறார். லஸ்கர் மணியடித்துக்கொண்டு கிளம்பிப் போனார். நான் வகுப்பறைக்குத் திரும்பிப் போய்க் கரும்பலகையை அழித்தேன். ஏற்கெனவே அழித்திருந்த பலகை அது.

வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் இருபத்துநான்கு நாளையும் திருப்பிப் பார்த்தேன். கலங்கல், ஆகாயத்தாமரை, பண்ணைத் தண்ணீர், வெள்ளம், வாடை. ஒவ்வொன்றும் உண்மை, பலவற்றை நானே கண்ணால் பார்த்திருந்தேன். அந்த உண்மைகளுக்கு நடுவே கிடைத்த நல்ல நேரத்தில் அவர் பிடித்திருக்கிறார், பிடித்ததை யார் கையிலாவது திணித்துவிட்டு வெறுங்கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அப்படி ஆத்திரம் வந்தது. இவர் என் காதில் பூச்சுற்றியதற்குக்கூட இல்லை. நான் மழையைத் திட்டியதற்கு, கர்த்தரிடம் வெறிப்புக் கேட்டதற்கு, மேட்டூர் நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு பைத்தியக்காரியைப்போல் அலைந்ததற்கு.

அன்றே கேட்டிருக்கலாம். கேட்டால் இன்னொரு கதை சொல்வார், அதையும் நான் நம்பித் தொலைப்பேன் என்று பயமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று நாள் சும்மா இருந்தேன். எதற்குக் காத்திருந்தேன் என்றால், சனிக்கிழமைக்கு. பள்ளிக்கூடம் லீவு. மழை நின்று இரண்டு நாளாகியிருந்தது, ஷட்டர்களை இறக்கிவிட்டார்கள், தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது, காற்று விழுந்துவிட்டது. கடல்நீர் காலை ஒன்பது மணிக்கு மேல் ஏறத் தொடங்கும். அந்த ஐப்பசியிலேயே அதைவிட நல்ல நாள் கிடையாது. அவர் ராடை எடுத்தபோது நானும் செருப்பை மாட்டினேன்.

"நீ எங்க வர்ற? அங்க ஒரே சேறு" என்றார்.

"பரவாயில்லை. ஒரு நாள் நானும் பார்க்கிறேனே."

ரெகுலேட்டரின் கீழ்ப்பக்கச் சிமெண்ட் சுவரில் போய் உட்கார்ந்தோம். ஷட்டர் இடுக்கில் தண்ணீர் சன்னமாகக் கசிந்தது. அதற்கு முன்னால் குஞ்சு மீன்கள் துள்ளின. அவர் பெட்டியைத் திறந்தார், மூடினார். "இன்னைக்குத் தண்ணி சரியில்லை போலத் தெரியுதே" என்றார்.

"நல்லாத்தான் இருக்கு. கலங்கல் இல்லை, காத்து இல்லை. ஏத்தம் தொடங்கிடுச்சு, அந்தக் குச்சியில தண்ணி ஏறியிருக்கு பாருங்க. உயிர் இறாலைக் கோத்து ஷட்டருக்கு வலது பக்கம் போடுங்க" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அப்போதே அவருக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும். இறாலைக் கோத்து வீசினார். தக்கை கொஞ்ச நேரம் ஆடியது. பத்து நிமிஷம் இருக்கும், சடாரென்று உள்ளே போனது. நரம்பு விர்ரென்று ஓடியது. அவர் சக்கரத்தைத் தொடவில்லை. நரம்பு தளரட்டும், மீன் உதறிவிட்டுப் போகட்டும் என்று விட்டுக்கொண்டே இருந்தார். மீன் தண்ணீருக்கு மேலே ஒரு தரம் எம்பி, வெள்ளை வயிறு மின்னத் தலையை உதறியது. அவ்வளவுதான், அவர் கை தாங்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றார். இழுப்பதும் விடுவதுமாகக் கால்மணி நேரம். பொய் சொல்லத் தெரிந்த மனிதருக்கு, கொக்கியில் மாட்டிய மீனை விட்டுவிடத் தெரியவில்லை. கரைக்குக் கொண்டுவந்து, செவுளில் விரலைக் கொடுத்துத் தூக்கினார். மூன்று கிலோவுக்குக் குறையாது.

மேலே ஷட்டர் மேடையிலிருந்து லஸ்கர் எட்டிப் பார்த்துக் கைதட்டினார். "டீச்சர், லெந்து முடிஞ்சிடுச்சுங்களா?" என்று கத்தினார்.

"முடிஞ்சிடுச்சு!" என்று நானும் கத்தினேன்.

அவர் மீனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. நான் எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டேன். "விழுந்துடுச்சுங்க. இப்பப் பேசுங்க."

மீனைச் சுவரின் மேல் வைத்தார். அது வாயைத் திறந்து திறந்து மூடியது. "கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார்.

"எப்போ?"

"வர்றதுக்கு முன்னாலேயே. மூணு வருஷத்துக்கு. போட்டாத்தான் லீவு தருவேன்னான் மேனேஜர்."

"டாக்டரம்மா சொன்னதைக் கேக்கவே இல்லையே நீங்க."

"தெரியும். என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியும். அதான்..." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா லீவு பூரா அழுவே. அழுத முகத்தைப் பார்த்துட்டு என்னால அங்க போய் மூணு வருஷம் இருக்க முடியாது. கடைசி நாள் சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீ மீனுக்காகக் காத்துக்கிட்டு இருந்தது... நல்லா இருந்துச்சு. தினமும் வாசல்ல நின்னு என்ன ஆச்சு, தண்ணி எப்படின்னு கேட்டியே. வேற யாரு எனக்காக அப்படிக் கேட்டாங்க?"

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. அன்பாகச் சொன்னார் என்பதுதான் கோபம். "நான் உங்களுக்காகவா கேட்டேன்? எனக்காகக் கேட்டேன்! அழறதா வேண்டாமான்னுகூட நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. இருபத்தேழு நாள் இருந்துச்சு. முதல் நாளே சொல்லியிருந்தா மஸ்கட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டிருக்கலாம், மாயவரத்துல டாக்டரம்மாகிட்டயாவது ரெண்டு பேரும் போயிருக்கலாம். அதுக்கும் வழி விடலை நீங்க." இப்படிப் பேசிக்கொண்டே போனேன். மேலே லஸ்கர் சத்தம் கேட்டு மெதுவாக உள்ளே போய்விட்டார். அழுதேன்தான். என் கணவர் எதற்குப் பயந்தாரோ அது அந்தச் சுவரிலேயே நடந்தது. பேசி முடித்தபோது மீன் அடங்கிவிட்டிருந்தது.

அன்று பிற்பகலே ஒரு காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினோம். சனிக்கிழமை பிற்பகல் பார்க்க மாட்டார்களாம். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை மெட்ராஸில் விமானம், அதற்கு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏற வேண்டும். பூட்டிய கிரில் கதவுக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினோம். மீனை எதிர்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டேன். வீட்டில் சமைக்க மனசில்லை.

மூன்று வருஷம் முடிந்து வந்தார், இருபது நாள்தான் லீவு. மறுபடி ஒரு காண்ட்ராக்ட், அதற்கப்புறம் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது: வீட்டுக்குக் கான்கிரீட் கூரை, அவர் தங்கையின் கல்யாணம். கம்பெனியில் ஆள் குறைத்தபோதுதான் மூட்டை கட்டிக்கொண்டு நிரந்தரமாக வந்தார். வந்த வாரத்தில், நான் ஒன்றும் சொல்லாமலே, "டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துடுவோம், வா" என்று அவரே கூப்பிட்டார்.

பழைய டாக்டரம்மா அமெரிக்காவில் மகனோடு இருக்கப் போய்விட்டார். புதிதாக வந்தவர் சின்னப் பெண். எங்களை எதிரில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். கல்யாணமாகி எத்தனை வருஷம் என்றார், சொன்னேன். வயது கேட்டார். நாற்பத்தொன்று என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. மூடியைப் போட்டு மேஜை மேல் வைத்தார்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதாம்மா? ஏன் இவ்வளவு லேட்?" என்று கேட்டார். திட்டவில்லை, பரிவாகத்தான் கேட்டார்.

"அவரைக் கேளுங்க டாக்டர்" என்றேன்.

டாக்டர் அவர் பக்கம் திரும்பினார். அவர் தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பொறுமையாகக் காத்திருந்தார். நானும் காத்திருந்தேன்.